‘வைண்ட் டவுன்’ என்பதற்கு ‘ஓய்வெடு’ என்று மட்டும் பொருள் எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா காலத்திலிருந்தே எங்கள் கடையில் உங்கள் நாளிதழ்தான். மாணவர்களுக்காக நீங்கள் போடுகிற ஆங்கிலப் பகுதியை நானும் விடாமல் படிக்கிறேன். பள்ளியில் நான் படித்தது கொஞ்சம்தான். மீதி ஆங்கிலமெல்லாம் வாட்ச் கம்பெனிகளின் சர்வீஸ் கையேடுகளிலிருந்தும், அப்பா வாங்கி வைத்த அகராதியிலிருந்தும், கடைக்கு வருகிற வெளிநாட்டுப் பயணிகளிடமிருந்தும் சேர்ந்தது.

சில வாரங்களுக்கு முன்னால் அந்தப் பகுதியில் ‘வைண்ட் டவுன்’ என்ற தொடரைக் கொடுத்திருந்தீர்கள். பொருள் என்று ‘ஓய்வெடு, களைப்பாறு’ என்றும், உச்சரிப்பு என்று ‘விண்ட் டவுன்’ என்றும் இருந்தது. எடுத்துக்காட்டு வாக்கியம் எதுவும் இல்லை. இந்த இரண்டைப் பற்றியும் எழுத வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். எழுத வைத்தது என் பேத்தியின் விடுப்புக் கடிதம்.

அவள் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். உங்கள் ஆங்கிலப் பகுதியை வாராவாரம் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டிவைக்கிறவள். அவளுக்குக் காய்ச்சல் வந்து பள்ளிக்குப் போக முடியவில்லை. மூன்று நாள் ‘வைண்ட் டவுன்’ செய்யும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதினாள். ஆங்கில ஆசிரியை அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே ‘ரெஸ்ட்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். “பேப்பர்ல ஓய்வெடுன்னுதானே தாத்தா போட்டிருக்கு? அப்புறம் இதுல என்ன தப்பு?” என்று பேத்தி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நியாயமான கேள்வி. அவள் நம்பியது அச்சில் வந்த ஒரு வரியை. ஆசிரியை திருத்தியதும் சரிதான். இடையில் விட்டுப்போனது என்னவென்று அவளுக்கு விளக்க எனக்கு ஒரு பழைய கைக்கடிகாரம் தேவைப்பட்டது. இந்தச் சொல் எங்கள் தொழிலின் சொல்.

கீ கொடுக்கிற வாட்ச்சை இன்றைய பிள்ளைகள் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். அதற்குள் பாரல் என்ற சின்ன வட்ட டப்பா ஒன்று இருக்கும். டப்பாவுக்குள் மெயின் ஸ்பிரிங். ஓர் அடிக்கு மேல் நீளமுள்ள மெல்லிய எஃகு நாடா சுருண்டு கிடக்கும். பக்கவாட்டில் இருக்கும் கீயைத் திருகினால் அந்த நாடா நடுத்தண்டில் இறுக்கமாகச் சுற்றிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதுதான் ‘வைண்ட்’, இறுகச் சுற்றிவிட்டால் ‘வைண்ட் அப்’. திருகும்போது கிர்ர், கிர்ர் என்று கேட்குமே, அது கிளிக் என்கிற குட்டிக் கொக்கி ஒரு பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழுகிற சத்தம். சுற்றிய ஸ்பிரிங் உடனே பின்னால் அவிழ்ந்துவிடாமல் பிடித்துக்கொள்வது அந்தக் கொக்கிதான்.

அப்புறம் அந்த ஸ்பிரிங் நாள் முழுக்கத் தன் இறுக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். எச்.எம்.டி. ஜனதா மாதிரி வாட்ச்சில் பேலன்ஸ் வீல் என்கிற, இருபுறமும் ஊசலாடும் சக்கரம் மணிக்கு 18,000 தடவை, அதாவது நொடிக்கு 5 தடவை அசைகிறது. ஒவ்வோர் அசைவுக்கும் துளித் துளியாக விசை செலவாகிறது. ஒருமுறை முழுசாகக் கீ கொடுத்தால் சுமார் 40 மணி நேரம் ஓடும். கடைசி சில மணி நேரத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பேலன்ஸ் வீலின் வீச்சு சுருங்கும், நேரமும் சரியாக இருக்காது. அதனால்தான் தினமும் காலையில் ஒரே நேரத்தில் கீ கொடுக்கச் சொல்வோம். இப்படி விசை மெல்லக் குறைந்துகொண்டே போவதுதான் ‘வைண்ட் டவுன்’. அகராதியிலும் கடிகாரம் போன்ற இயந்திரங்கள் மெல்ல மெல்ல விசை இழப்பதை இதன் பொருள்களில் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள். மனிதர்கள் இறுக்கம் தளர்வது அதோடு சேர்ந்து வரும் பொருள்.

பேத்திக்கு இன்னொன்றும் காட்டினேன். சர்வீஸுக்கு வந்த வாட்ச்சைப் பிரிப்பதற்கு முன்னால் ஸ்பிரிங்கில் மிச்சமிருக்கிற விசையை இறக்கியாக வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கீயைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையில் ட்வீசரால் கிளிக்கை லேசாக நகர்த்துவோம். பிடித்த கீ விரலுக்குள் பின்பக்கமாகச் சுழல ஆரம்பிக்கும். அதை முழுக்க விட்டுவிடக் கூடாது, இறுகப் பிடித்து நிறுத்தவும் கூடாது. விரலை உரசிக்கொண்டே மெல்லச் சுழலவிட வேண்டும். பொறுமையில்லாமல் கிளிக்கைத் தள்ளிவிட்டுக் கீயை விட்டால் ஸ்பிரிங் ஒரே வீச்சில் அவிழும். பல் உடையும், ஸ்பிரிங்கே அறுந்தாலும் அறும். விசையை இறக்காமல் மேல்தகட்டைக் கழற்றினால் அதைவிட மோசம், சக்கரங்கள் தறிகெட்டுச் சுழன்று மயிரிழை பருமனுள்ள முனைகள் ஒடிந்துவிடும். தொழில் பழக வருகிற பையனுக்கு அப்பா முதலில் கற்றுக்கொடுத்தது இதைத்தான். அந்த வாட்ச்சின் கீயைப் பேத்தியையே பிடிக்கச் சொன்னேன். விரலுக்குள் அது தானாகச் சுழன்று, வேகம் குறைந்து, நின்றது. “இதுதான் வைண்ட் டவுன். நின்னதுக்கு அப்புறம் சும்மா கிடக்கே, அது ரெஸ்ட்” என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் பகுதியில் விட்டுப்போனதும் இந்த வித்தியாசம்தான். ‘ஓய்வெடு’ என்று போட்டால், போய்ச் சேர்கிற இடம் மட்டும்தான் பிள்ளைக்குத் தெரிகிறது. இறுக்கமாக இருந்த ஒருவர் படிப்படியாகத் தளர்ந்து அங்கே போகிறாரே, அந்த நடப்புக்குத்தான் இந்தத் தொடர். அதனால் யார் ‘வைண்ட் டவுன்’ செய்யலாம் என்றால், முன்னால் இறுகியிருந்தவர்தான் செய்யலாம். வங்கியில் கேஷ் கவுன்ட்டரில் இருக்கிறவர் மாலை கணக்கு முடித்து வீட்டுக்கு வந்து, சட்டையை மாற்றி, காபியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திண்ணையில் உட்காருகிறார். அவர் அப்போது ‘வைண்டிங் டவுன்’. பிறந்தநாள் விருந்தில் ஆட்டம் போட்டுவிட்டு வந்த குழந்தைகளை உடனே படுக்கப் போட்டால் தூங்குமா? அவர்களுக்கும் ‘வைண்ட் டவுன்’ செய்யக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று ஆங்கிலம் பேசுகிற நாடுகளில் அம்மாக்கள் சொல்வார்கள். காய்ச்சல்காரருக்கு இது பொருந்தாது. அவருக்கு இறுக்கம் எங்கே இருக்கிறது? உடம்பில் தெம்பே இல்லாமல் கிடக்கிறவரைக் குறிக்க வேறு தொடர் இருக்கிறது, ‘ரன் டவுன்’. கீ தீர்ந்து நின்றுபோன வாட்ச்சுக்கும் அந்தச் சொல்லைச் சொல்வார்கள், சத்து குறைந்து சோர்ந்துபோன ஆளுக்கும் சொல்வார்கள். ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்று பேத்தி எழுதியிருந்தால் அது காய்ச்சலுக்குப் பொருந்தியிருக்கும். டாக்டர் சொன்னதற்கு மட்டும் ‘ரெஸ்ட்’ வேண்டும்.

எதிர்ப்பக்கத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைகள் மனதில் நிற்கும். பதற்றத்தில் இறுகிப்போய், ஒரு சொல் சொன்னாலே சீறுகிற நிலையில் இருப்பவரை ‘வவுண்ட் அப்’ என்பார்கள். தமிழில் நாமும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கிறோம், “அவன் காலையிலிருந்து முறுக்கிக்கிட்டே இருக்கான்” என்று. பிரிட்டன்காரர்கள் ஒருவரை வேண்டுமென்றே சீண்டிக் கோபமூட்டுவதையும் ‘வைண்டிங் அப்’ என்றே சொல்கிறார்கள். ஸ்பிரிங்கை முறுக்குகிற மாதிரி ஆளை முறுக்கிவிடுவது. ‘முறுக்கு’ என்ற சொல்லை வைத்து ஆரம்பித்தால் தமிழ்ப் பிள்ளைக்கு அந்த ஆங்கிலக் குடும்பம் முழுக்க எளிதாகப் பிடிபடும். ‘முறுக்குத் தளர்’, ‘இறுக்கம் தளர்’, ‘ஆற அமர இளைப்பாறு’ என்று இடத்துக்கு ஏற்றபடி பொருள் கொடுத்திருக்கலாமே. ‘இளைப்பாறு’ என்ற சொல்லிலேயே முன்னால் இளைத்திருக்க வேண்டும், பிறகு ஆற வேண்டும் என்ற இரண்டும் இருக்கின்றன. ‘ஓய்வெடு’ என்பதைவிட எனக்கு அது எவ்வளவோ மேலாகப் படுகிறது.

இப்போது உச்சரிப்பு. இதைத்தான் முக்கியமாகத் திருத்த வேண்டும். காற்று என்ற பொருளில் வருவது ‘விண்ட்’. சுற்று, முறுக்கு என்ற பொருளில் வருவது ‘வைண்ட்’. எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சிரமமே இல்லை. ஏனென்றால் தமிழ்நாட்டில் எந்த ஊர் பஜாரிலும் ‘மோட்டார் ரீவைண்டிங்’ போர்டு இருக்கும். கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோனால் ‘வைண்டிங் போச்சு’ என்று விவசாயி சொல்கிறார். நூற்பாலையில் வேலை பார்த்தவர்களுக்கு ‘வைண்டிங் செக்‌ஷன்’ தெரியும், நூலைக் கோனில் சுற்றுகிற இடம். டேப் ரெக்கார்டர் காலத்தில் ‘ரீவைண்ட்’ பட்டனை அழுத்தாதவர் யார்? இங்கெல்லாம் ஒருவர்கூட ‘ரீவிண்ட்’ என்று சொன்னதில்லை. பள்ளிக்கூடமே போகாதவர்கள்கூடச் சரியாக உச்சரிக்கிற ஒரு சொல்லை, ஆங்கிலம் கற்றுத்தருகிற பகுதியில் தவறாக அச்சிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம் என்பது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

இறந்தகாலம் ‘வவுண்ட்’. ‘வைண்டட்’ என்று எழுதக் கூடாது. காயம் என்ற பொருளில் வருகிற சொல்லுக்கும் எழுத்து இதேதான், ஆனால் அதை ‘வூண்ட்’ என்று சொல்ல வேண்டும். தேர்வில் இந்த இடத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், ஒரே ஒரு வரி போட்டிருந்தால் போதும்.

வாக்கியத்தில் இது வருகிற விதத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆள் தளர்வதைச் சொல்லும்போது பின்னால் செயப்படுபொருள் வராது. ‘ஐ வைண்ட் டவுன் வித் எ புக்’ என்றால் முடிந்தது. ‘ஐ வைண்ட் டவுன் மை மைண்ட்’ என்று இழுத்தால் காதுக்கு ஒட்டாது. ஒரு தொழிலையோ வேலையையோ படிப்படியாகக் குறைப்பதைச் சொல்லும்போது மட்டும் செயப்படுபொருள் வரும், ‘தே ஆர் வைண்டிங் டவுன் த பிசினஸ்’ என்று. அங்கே பெயருக்குப் பதிலாக ‘இட்’ போட்டால் அது நடுவில் வந்து உட்காரும்: ‘வைண்ட் இட் டவுன்’. ‘வைண்ட் டவுன் இட்’ என்பது தவறு. இப்படிப்பட்ட தொடர்களில் பிள்ளைகள் அதிகம் தவறுவது இந்த ‘இட்’ விஷயத்தில்தான் என்று பேத்தியின் ஆசிரியையும் சொன்னார்.

தொழிலைக் குறைக்கிற பொருளைப் பற்றி எழுதும்போது எனக்கு எச்.எம்.டி. நினைவு வராமல் இருக்காது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. பிறகு தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று தொழிற்சாலைகள் பெருகின. ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என்று பெயர் சொன்னாலே எங்கள் தலைமுறைக்கு முகம் மலரும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதற்கு, கல்யாணத்துக்கு, வேலை ஓய்வுபெற்றதற்கு என்று வாங்கிக்கொடுத்த வாட்ச்சுகள் அவை. இன்றைக்கும் அப்பாவின் வாட்ச் என்று பத்திரமாகத் துணியில் சுற்றிக் கொண்டுவருகிறவர்கள் என் கடைக்கு வருகிறார்கள். 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் தொழிற்சாலை வந்தது. பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் வாட்ச்சுகள் மெலிதாகவும் பார்க்க அழகாகவும் வந்தன. கீ கொடுக்க வேண்டியதில்லை, நேரமும் பிசகாது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்தது, ஆனாலும் சந்தை கைவிட்டுப்போனது. உற்பத்தி வருடத்துக்கு வருடம் இறங்கியது. கடைசியில் 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இந்தக் கதையை ஆங்கிலத்தில் எழுதினால், உற்பத்தி இறங்கிக்கொண்டே வந்த அந்த வருடங்களுக்கு ‘வைண்ட் டவுன்’ பொருந்தும். சட்டப்படி கம்பெனிக் கணக்கை முடித்து மூடுவதற்கு ‘வைண்ட் அப்’. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தில் ‘வைண்டிங் அப்’ என்ற தலைப்பிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நம் பேச்சிலும் இது நன்றாகவே புழங்குகிறது. “கூட்டத்தை வைண்ட் அப் பண்ணுங்க, மணியாச்சு” என்கிறோம். “அந்தக் கடையை வைண்ட் அப் பண்ணிட்டாங்க” என்கிறோம். பிள்ளைகளுக்கு இங்கேதான் குழப்பம் வரும். ‘அப்’ என்றால் மேலே, ‘டவுன்’ என்றால் கீழே, அப்படியானால் இரண்டும் எதிர்ப்பொருள்தானே என்று நினைப்பார்கள். கடிகாரத்தில் எதிர்ப்பொருள்தான், ஒன்று முறுக்குவது, மற்றது தளர்வது. ஆளைப் பற்றிச் சொல்லும்போதும் எதிர்தான். ஆனால் கூட்டம், கடை, கம்பெனி என்று வந்தால் இரண்டுமே முடிவைத்தான் காட்டுகின்றன. ‘வைண்ட் டவுன்’ மெல்லக் குறைவது, ‘வைண்ட் அப்’ முடித்துவிடுவது. விருந்து ‘வைண்டிங் டவுன்’ என்றால் ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள், பந்தி இன்னும் ஒன்றிரண்டு இலையோடு நடக்கிறது. இந்த நுணுக்கத்தைச் சொல்லாமல் ‘ஓய்வெடு’ என்று மட்டும் கொடுத்தால், செய்தித்தாளில் ஒரு தொழிற்சாலை ‘வைண்டிங் டவுன்’ என்று படிக்கிற பிள்ளை, ஆலைக்கு விடுமுறை விட்டிருக்கிறார்கள் என்றுதானே புரிந்துகொள்ளும்? அங்கே வேலை பார்க்கிற குடும்பங்களுக்கு அது விடுமுறைச் செய்தியா?

இன்னொரு பொருளும் உண்டு, சின்னதுதான். கார் கண்ணாடியை இறக்குவதற்கும் இதே தொடர். அம்பாசிடர் காரில் கதவின் உள்பக்கம் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினோமே, அதனால் வந்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் நின்றுவிட்டது. இப்போது வருகிற கார்களில் பட்டனை அழுத்தினால் கண்ணாடி இறங்கிவிடுகிறது. ஆனாலும் பிரிட்டனில் ‘வைண்ட் டவுன் த விண்டோ’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இது பழைய சொல், இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைய பிள்ளைகள் கையில் இருக்கிற போனிலேயே இது இருக்கிறது. 2018-ல் கூகுள் ஆண்ட்ராய்டு போன்களுக்காக அறிவித்த ஒரு வசதியின் பெயரே ‘வைண்ட் டவுன்’. தூங்கப் போகும் நேரம் நெருங்கியதும் திரையின் வண்ணங்கள் போய்ப் படம் கறுப்பு வெள்ளையாகிவிடும். பிறகு அதற்கு ‘பெட்டைம் மோட்’ என்று பெயர் மாற்றினார்கள். ஆப்பிள் கம்பெனியும் 2020-ல் ஐபோன் மென்பொருளான ஐ.ஓ.எஸ். 14-ல் தூக்கம் சம்பந்தமான வசதிக்குள் ‘வைண்ட் டவுன்’ என்று ஒன்றை வைத்தது. படுக்கிற நேரத்துக்கு முன்னாலேயே அது ஆரம்பமாகிவிடும். கவனியுங்கள், தூங்குகிற நேரத்துக்கு அவர்கள் அந்தப் பெயரை வைக்கவில்லை. தூக்கத்துக்கு முந்தைய நேரத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள். சொல்லைச் சரியாகக் கையாண்டிருக்கிறார்கள். அந்தத் திரையைப் பார்த்துப் பேத்தியே அதைப் புரிந்துகொண்டாள், அவள் அம்மா போனில்.

இதே குடும்பத்தில் உள்ள மற்றவற்றையும் ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்திருந்தால் பிள்ளைகளுக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ‘அன்வைண்ட்’ என்பது சுற்றியதைப் பிரிப்பது. ஆள் இறுக்கம் தளர்வதற்கு ‘வைண்ட் டவுன்’ வருகிற இடத்தில் பெரும்பாலும் இதையும் போடலாம். தொழிலை மெல்ல மூடுவதற்கு மட்டும் போட முடியாது. ‘லெட் ஆஃப் ஸ்டீம்’ என்பது நீராவி எஞ்சினிலிருந்து வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற மலை ரயிலைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அழுத்தம் கூடினால் புஸ்ஸென்று நீராவியை வெளியே விடுகிறதே, அதுதான். மனதில் அடக்கி வைத்த கோபத்தையோ துள்ளலையோ கத்தி, ஓடி, விளையாடித் தீர்த்துக்கொள்வது. அதில் சத்தம் உண்டு, வேகம் உண்டு. ‘வைண்ட் டவுன்’ செய்கிறவரிடம் இரண்டும் இருக்காது. ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றால் வேலை நினைப்பையே அணைத்துவிடுவது, ஒரு நொடியில் நடப்பது. ‘சில் அவுட்’ என்பதை நம் பிள்ளைகளே ‘சில் பண்ணு’ என்று தமிழாக்கிக்கொண்டுவிட்டார்கள், அது நண்பர்களுக்குள் சொல்கிற பேச்சு, விடுப்புக் கடிதத்துக்கோ தேர்வுத்தாளுக்கோ ஆகாது. இவை எல்லாவற்றுக்கும் ‘ஓய்வெடு’ என்று ஒரே பொருளை எழுதினால், எதை எங்கே போடுவது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஆங்கிலம் வீட்டில் பேசுகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் காதிலேயே விழுந்துவிடும். ஆனால் உங்கள் பகுதியைக் கத்தரித்து ஒட்டுகிற பிள்ளைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அல்ல. என் கடைக்கு எதிரே டீக்கடையில் நிற்கிற பையனும் அதை வாங்கிப் போகிறான், பூக்காரம்மா மகளும் வாங்கிப் போகிறாள். டியூஷனுக்குப் போக வசதி இல்லாத பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கிலத்துக்கு அந்தக் கால் பக்கம்தான் வாத்தியார். இடம் குறைவு என்று உங்கள் ஆசிரியர் குழு சொல்லலாம். ஒரு நாளைக்கு ஐந்து தொடர் கொடுப்பதற்குப் பதில் இரண்டு கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான உச்சரிப்பு, இறந்தகால வடிவம், நம் ஊர்ச் சூழ்நிலையில் ஒன்றிரண்டு வாக்கியங்கள், எந்த இடத்தில் போடக் கூடாது என்று ஒரு வரி. இவ்வளவும் அதே கால் பக்கத்துக்குள் அடங்கும். அந்தச் சொல் எந்தப் பொருளிலிருந்து, எந்தத் தொழிலிலிருந்து வந்தது என்று தெரிந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள். முடிந்தால் ஒரு சின்னப் படமும். ‘வைண்ட்’ என்பதற்கு வாட்ச்சின் உள்படம் வேண்டுமென்றால் உங்கள் புகைப்படக்காரரை என் கடைக்கு அனுப்பலாம். பழைய ஜனதா ஒன்றைப் பிரித்து வைத்துக் காட்டுகிறேன், பாரலைத் திறந்து ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து வைக்கிறேன்.

‘விண்ட் டவுன்’ என்று வந்த உச்சரிப்புக்கான திருத்தத்தை உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் போட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அதே ஆங்கிலப் பகுதியில், அதே அளவு எழுத்தில், அதே கிழமையில் வர வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் அதையும் கத்தரித்துப் பழையதன் மேல் ஒட்டுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வாட்ச் மெக்கானிக், மதுரை.